பெண் விளையாட்டு வீரர்களின் உண்மைக் கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியின் பாடசாலை நூலகங்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை வாசிக்கும் ஆசிரியர்களும், படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளையோரும், சில பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். தரம் 4 முதல் தரம் 11 வரையான பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கதையைக் கேட்டு ஒரு பிள்ளை விளையாட்டுக்கு வரும் என்று நம்பலாமா?

எல்லாப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஆனால் வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் அவனி லெக்காரா 2012 இல், தம் 11 ஆவது வயதில், வீதி விபத்தொன்றில் சிக்கி இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். தந்தையின் ஊக்கத்தால் விளையாட்டுப் பக்கம் வந்த அவரைத் துப்பாக்கி சுடுதலில் நிலைக்க வைத்தது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் சுயசரிதை. அதை வாசித்த பிள்ளை டோக்கியோ பராலிம்பிக்கில் 10 மீற்றர் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்று, பராலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2024 இல் பாரிசில் அதே போட்டியில் மீண்டும் தங்கம் வென்றார்.

இதை எல்லாப் பிள்ளைக்குமான உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நல்ல வாழ்க்கைக் கதை பிள்ளைக்குச் செய்யக்கூடியது என்னவென்றால், தன்னைப் போன்ற நிலையில் இருந்த இன்னொருத்தி அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்தாள் என்பதைக் காட்டுவதுதான். அந்த அளவே பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

கற்பனைக் கதைகளும் ஊக்கம் தருகின்றனவே. உண்மையில் ஏன் இத்தனை பிடிவாதம்?

கற்பனைக் கதைகளை நானும் விரும்பி வாசித்துக் காட்டுகிறேன். ஆனால் பெண்களின் விளையாட்டைப் பொறுத்தவரை பொய்க் கதை ஒன்று உலகத்துக்கே கேடு செய்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் உண்மையில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பார்கள்.

1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. இறுதிப் போட்டியில் ஓடிய 9 பெண்களும் ஓட்டத்தை முடித்தார்கள். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் ஓடி உலக சாதனையோடு வென்றார். ஆனால் பெண்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள், மயங்கிச் சுருண்டு விழுந்தார்கள் என்றெல்லாம் அன்றைய பத்திரிகைகள் பல எழுதின. களைத்துப்போய்ப் புல்லில் சாய்வது ஆண்களின் ஓட்டத்திலும் நடப்பதுதான் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெண்களின் உடல் இவ்வளவு தூரம் தாங்காது என்ற முடிவு எடுக்கப்பட்டு, அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960 இல், ரோமில். 32 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் ஓடாமலே வயதுபோனார்கள் என்று தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கணக்கு அவர்களுக்கே விளங்கும்.

மிகைப்படுத்திப் புகழ்வதும் இதே வகைத் தவறுதான். 3 பதக்கம் வென்றவருக்கு 5 என்று சொன்னால், வீட்டுக்குப் போய்ப் போனில் தேடிப் பார்க்கும் பிள்ளை அடுத்த கிழமை நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது.

யாருடைய கதையிலிருந்து தொடங்கலாம்?

பஸ் ஏறிப் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருப்பவரிலிருந்து தொடங்குங்கள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் 2023 இல், 70 வயதைக் கடந்த பிறகு, பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களையும், 800 மீற்றரில் வெண்கலத்தையும் வென்று ஊருக்குத் திரும்பினார். முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதையில் வரும் ஊர்ப்பெயரைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. தன் அம்மம்மாவின் வயதில் ஒருவர் ஓடினார் என்ற செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, அம்மம்மாவும் அதைக் கேட்பார் என்பது கூடுதல் நன்மை. அதே மாவட்டத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 இல் பாகிஸ்தானில் நடந்த சவாட் என்னும் குத்துச்சண்டை வகைப் போட்டியில் தங்கம் வென்றதும், ஓட்டப் பாதைக்கு வெளியேயும் பெண்களுக்கு இடம் இருக்கிறது என்பதைக் காட்டும்.

அடுத்த வட்டத்தில் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கத்தை வையுங்கள். இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காக விளையாடிய அவர், 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இருந்தவர். 2011 உலகக் கிண்ணப் போட்டியில் மிகச் சிறந்த கோல் போடுநராகத் திகழ்ந்தவர். அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். இந்தக் கதையை வாசிக்கும்போது புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்து வகுப்பறைச் சுவரில் 208 சென்ரிமீற்றரில் வெண்கட்டியால் ஒரு கோடு போடச் சொல்வது என் வழக்கம். கோடு போடக் கதிரையில் ஏற வேண்டியிருக்கும். பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தக் கோட்டுக்குக் கீழே முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று பார்ப்பார்கள். வகுப்பில் மற்றவர்களைவிட வளர்ந்துவிட்டதால் கூனிக்கொண்டு நடக்கும் ஒரு பெண் பிள்ளை எப்போதும் இருப்பாள். உயரத்துக்காகக் கேலி கேட்டு வளர்ந்ததைத் தர்ஜினி பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார் என்ற பகுதியை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றே வாசியுங்கள். கூனி நடக்கும் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் படித்து, கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த ஜெகதீஸ்வரன் அனித்தாவின் கதையும் பொருத்தமானது. அந்தப் போட்டிக்குத் தேவையான கோலும் மெத்தையும் எத்தனை பாடசாலைகளில் கிடைக்கும் என்ற பேச்சு தானாகவே எழும்.

சிங்கள வீராங்கனைகளின் கதைகளை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

இந்தக் கேள்வியைத் தயக்கத்தோடு, தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். கேட்பவர்களின் மனத்தில் இருக்கும் வலி எனக்கும் தெரிந்ததே. ஆனாலும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். பிள்ளைகள் மாகாணப் போட்டியைத் தாண்டித் தேசியப் போட்டிக்குப் போகும்போது தியகமவிலோ கொழும்பிலோ அருகருகே நின்று ஓடப் போவது அந்த ஊர்ப் பிள்ளைகளோடுதான்.

சுசந்திகா ஜயசிங்க கேகாலை மாவட்டத்தின் கிராமமொன்றில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டதால் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. உண்மையாக ஓடியதற்குரிய பதக்கம் வந்து சேர 9 ஆண்டுகள் எடுத்தன. இந்தக் கதையில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: அந்த 9 ஆண்டும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு விடை சொல்லாமல் அவர்களையே பேச விடுங்கள்.

வயதில் நெருக்கமானவர் வேண்டுமானால் தருஷி கருணாரத்ன இருக்கிறார். 2023 இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் தங்கம் வென்றபோது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. 2002 இல் தமயந்தி தர்ஷா 400 மீற்றரில் வென்ற பிறகு, மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்கு அந்த மேடையில் கிடைத்த முதல் தங்கம் அது. பெண்ணால் ஓட முடியாது என்று 1928 இல் சொல்லப்பட்ட அதே தூரம் இது என்பதை நினைவூட்ட மறக்க வேண்டாம்.

தோற்றவர்களின் கதை பிள்ளைகளைச் சோரச் செய்துவிடாதா?

வென்றவர்களின் கதையை மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளைதான் முதல் தோல்வியில் சோர்ந்து போகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதலிடம் பெறப் போவதில்லை. அவர்களுக்கும் ஒரு கதை வேண்டும்.

கேரளத்தின் பய்யோளியைச் சேர்ந்த பி. டி. உஷா 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் இறுதிப் போட்டியை 55.42 செக்கனில் முடித்தார். மூன்றாமிடம் பெற்ற ருமேனியாவின் கிறிஸ்டினா கொஜோகாருவின் நேரம் 55.41. நூறில் ஒரு செக்கன். அந்த வேகத்தில் ஓடுபவர் அந்த நேரத்துக்குள் கடக்கும் தூரம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். அடிமட்டத்தை எடுத்து 7 சென்ரிமீற்றரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். 400 மீற்றர் ஓடி, 10 தடைகளைத் தாண்டி, இந்த இடைவெளியில் ஒரு பதக்கம் போனது என்று சொன்னால் வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருக்கும்.

கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 1986 இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 4 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார். பின்னர் தாமே ஒரு பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கிப் பெண் பிள்ளைகளை உருவாக்கினார். 1984 இல் அதே ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கில். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் அவர்தான். ஒரே ஓட்டத்துக்குள் ஒரு பெரும் வெற்றியும் ஒரு பெரும் ஏமாற்றமும் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகளிடம் ஆளுக்கொருவரின் பக்கத்திலிருந்து அந்த ஒரு நிமிடத்தை எழுதச் சொன்னால், கட்டுரைப் போட்டிகளில் காணாத எழுத்து வரும்.

அநீதியில் முடிந்த கதைகளைச் சொல்லலாமா?

தரம் 9 க்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லலாம். நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். பிறகு நடத்தப்பட்ட பாலினப் பரிசோதனையை முன்வைத்து அந்தப் பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. பிறப்பால் அமைந்த உடலோடு ஓடினார். பெயரோடும் படத்தோடும் அந்தச் செய்தி உலகமெங்கும் போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பயிற்றுநராகப் பணியில் அமர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகள் முன்னால் உடலைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆனால் உடலைப் பற்றிய கேலி எந்த வகுப்பறையிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வளர்ந்தவர்கள் மரியாதையோடு பேசும் ஒரு தருணத்தையாவது பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டும். சொல்வதானால் உடற்கூற்று விவரங்களுக்குள் போகாமல், அவருக்கு நடந்தது நீதியா என்ற கேள்வியை மட்டும் முன்னே வையுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அகதி வீராங்கனைகளின் கதை பொருந்துமா?

மிகவும் பொருந்தும், அதனால்தான் அவதானம் வேண்டும். இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள் 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள். போரை அவர்கள் காணவில்லை. ஆனால் செட்டிகுளம் முகாம், மாத்தளன் கடற்கரை போன்ற பெயர்கள் அவர்கள் வீட்டில் எப்போது எந்தக் குரலில் சொல்லப்படுகின்றன என்பதை அறிவார்கள்.

சிரியாவைச் சேர்ந்த யுஸ்ரா மர்தினி 2015 இல், 17 வயதில், துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவொன்றுக்கு ரப்பர் படகில் புறப்பட்டார். ஆறேழு பேருக்கான படகில் ஏறத்தாழ 20 பேர் இருந்தார்கள். இயந்திரம் நின்றுபோனபோது அவரும் அக்கா சாராவும் இன்னும் இருவரும் கடலில் இறங்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் படகைப் பிடித்தபடி நீந்திக் கரை சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், முதன்முதலாக அமைக்கப்பட்ட 10 பேர் கொண்ட அகதிகள் அணியில் யுஸ்ராவும் ஒருவர்.

இந்தக் கதையை வாசிக்கும் முன்பு உங்கள் குழுவில் கடலில் உறவினரை இழந்த பிள்ளை, அவுஸ்திரேலியாவுக்குப் படகில் புறப்பட்டவரின் பிள்ளை இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டறியுங்கள். இருந்தால் அந்தக் குடும்பத்தோடு முதலில் பேசுங்கள், அல்லது படகுப் பகுதியைச் சுருக்கி, பேர்லினில் மீண்டும் நீச்சல் தடாகத்தில் இறங்கிப் பயிற்சியைத் தொடங்கிய பகுதியை விரித்துச் சொல்லுங்கள். உண்மையில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். தப்பி வந்த பிறகு வரும் சாதாரண நாட்களில் என்ன செய்வது என்பது எங்கள் ஊர்களில் பலருக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி.

காயமடைந்த, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

வில்மா ருடொல்ஃபின் கதையைப் பெரும்பாலானோர் தவறாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 22 பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் இருபதாவதாகப் பிறந்த அவருக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் பலவீனமானது. பல ஆண்டுகள் காலில் உலோகத் தாங்கி அணிந்திருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர், 200 மீற்றர், 4×100 மீற்றர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். "மனம் வைத்தாள், தாங்கியைக் கழற்றி எறிந்தாள், ஓடினாள்" என்று இதைச் சுருக்கிவிட்டால், இன்றும் செயற்கைக் காலோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாம் சொல்வது "நீ மனம் வைக்கவில்லை" என்பதாகிவிடும்.

நடந்தது வேறு. கறுப்பினத்தவரை ஏற்கும் மருத்துவமனைக்காகத் தாய் அவரை ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்தில் இருந்த நாஷ்வில்லுக்கு பஸ்ஸில் வாரந்தோறும் கூட்டிப் போனார். வீட்டில் தாயும் சகோதரர்களும் முறைவைத்து ஒரு நாளைக்குப் பல தடவை அந்தக் காலைப் பிடித்துவிட்டார்கள். இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக்குக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதிகாலை பஸ் பிடிக்கும் தாய்மார் இதைக் கேட்டால் தங்களையே காண்பார்கள். வென்று திரும்பிய வில்மா, தம் ஊர் வரவேற்பில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நின்றதால், அந்த ஊரில் அப்படி ஒரு நிகழ்வு முதன்முறையாக நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உடல் குணமாகாமலே வென்றவர்களின் கதையும் பக்கத்தில் இருக்க வேண்டும். தத்தியானா மக்ஃபாடன் ரஷ்யாவில் முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். சக்கர நாற்காலி இல்லாததால் கைகளாலேயே நடந்தார். அமெரிக்கப் பெண்ணொருவர் அவரைத் தத்தெடுத்தார். உயர்பாடசாலையில் மற்ற மாணவர்களோடு சேர்ந்து ஓட்டப் பாதையில் போட்டியிட அனுமதிக்காததால் நீதிமன்றம் சென்று அந்த உரிமையைப் பெற்றார். 2013 இல் பொஸ்டன், லண்டன், சிக்காகோ, நியூயோர்க் ஆகிய நான்கு நகரங்களின் மரதன் சக்கர நாற்காலிப் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். நமது இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை பந்தலுக்குள் பார்வையாளராக மட்டும் இருப்பதைப் பற்றி அதிபரோடு பேச இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

"பெரியபிள்ளையான பிறகு என்னத்துக்கு ஓட்டம்?" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

முதலில் அவர்களுடைய கவலையைக் கேளுங்கள். பயிற்சி முடிந்து பொழுதுபட்ட நேரத்தில் பற்றைக்காட்டு வீதியால் தனியே வரும் பிள்ளையைப் பற்றிய பயம் பொய்யான பயம் அல்ல. அதற்குக் கதை தீர்வாகாது. கூட்டாக அனுப்புவதும், பயிற்சி நேரத்தை முன்தள்ளுவதும், பொறுப்பான ஆசிரியை உடனிருப்பதும்தான் தீர்வு.

உடை, மாதவிடாய், திருமணம் பற்றிய கவலைகளுக்கு வாழ்க்கைக் கதைகள் உதவும். ஒல்லாந்தின் ஃபனி பிளாங்கர்ஸ்-கூன் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனபோது 30 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கலாமே என்று அவரையும் சொன்னார்கள். அவர் 4 தங்கத்தோடு திரும்பினார். 2016 இல் ரியோவில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுவி, அஞ்சல் நீச்சல் முடிந்தவுடனே தொலைக்காட்சியில், தமக்கு மாதவிடாய் வந்திருந்ததால் களைப்பாக இருந்தது என்று எந்த ஒளிவுமறைவும் இன்றிச் சொன்னார். அந்தச் செய்தியைத் தாய்மார்களும் பெண் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் கூட்டத்தில் ஓர் ஆசிரியை வாசித்தால், அதுவரை வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிப் பயிற்சிக்கு வராமல் இருந்த பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

ஆண் பிள்ளைகளும் இருக்க வேண்டுமா?

மாதவிடாய் பற்றிய அந்தக் கூட்டத்தைத் தவிர, எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். மைதானத்தை யாருக்கு எத்தனை மணிக்கு விடுவது என்பதை நாளைக்கு முடிவு செய்யப் போகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

ஒரு வாசிப்பு வட்டத்தை எப்படி நடத்துவது? முடிவில் படிப்பினை சொல்ல வேண்டுமா?

கதைக்கு 10 நிமிடம், அளந்து பார்ப்பதற்கும் பேசுவதற்கும் அரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒருவருடைய கதை மட்டும். பதக்கத்தில் தொடங்காமல், அவர் உங்கள் பிள்ளைகளின் வயதில் இருந்த ஒரு நாளில் தொடங்குங்கள். ஓட்டக் கதை என்றால் மைதானத்துக்குப் போய்த் தூரத்தை நடந்து பாருங்கள். படிப்பினை சொல்ல வேண்டாம். "ஆகவே பிள்ளைகளே" என்று தொடங்கினாலே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை புத்தகப் பையைப் பூட்டத் தொடங்கிவிடும். கேள்வி எழுந்தால் பேசுங்கள், எழாவிட்டாலும் குறையில்லை.

தமிழில் நல்ல புத்தகங்கள் கிடைக்கவில்லையே?

கிடைப்பவை குறைவு, இருப்பவற்றிலும் பல, பிறந்த திகதியும் பதக்கப் பட்டியலுமாகப் பொது அறிவுக் கையேடு போலவே இருக்கின்றன. ஆகையால் நாமே எழுத வேண்டும். ஒக்டோபரில் வரும் தேசிய வாசிப்பு மாதத்துக்குப் பாடசாலைகள் கையெழுத்துச் சஞ்சிகை செய்வது வழக்கம்; அதன் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பழைய பாடசாலை மலர்களும் பத்திரிகைகளும் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. 1970களிலும் 80களிலும் வலைப்பந்தாட்ட அணிகளில் நின்ற பெண்களின் படங்களை அவற்றில் தேடச் சொல்லுங்கள். தங்கள் பெரியம்மாவை அல்லது பக்கத்து வீட்டு ரீச்சரை அங்கே கண்டுபிடிக்கும் பிள்ளை எழுதாமல் இருக்காது.

எழுதும்போது சில கட்டுப்பாடுகளைக் கைக்கொள்ளுங்கள். நேரம், தூரம், ஆண்டு ஆகியவற்றை இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒத்துப் பார்க்காமல் எழுத வேண்டாம். அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைக்க வேண்டாம். "அவர் நினைத்தார்" என்று எழுதும் இடத்தில், அவர் அப்படி நினைத்ததாக எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். பயிற்றுநர், தாய், சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் ஆகியோருக்கும் கதையில் இடம் இருக்கட்டும். எவரும் தனியே ஓடி வந்தவர் அல்ல.

எங்கள் ஊர்ப் பெண்ணொருவரைப் பற்றி எழுதுவதானால்?

அவருடைய சம்மதத்தைக் கேட்டு, எழுதி முடித்ததும் அவருக்கே முதலில் வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள பல பெண்களின் வாழ்க்கையில் அவர்கள் பேச விரும்பாத சில ஆண்டுகள் இருக்கின்றன. 2005 இல் மாகாண மட்டத்தில் ஓடினேன், 2012 இல் பிள்ளைகளைப் பயிற்றத் தொடங்கினேன் என்று ஒருவர் சொன்னால், இடையில் என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். அவர் தந்த இரண்டு முனைகளோடு கதையை எழுதப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பாடசாலை மாணவியைப் பற்றி எழுதினால் படத்தையும் முகவரியையும் சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம். பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

மைதானமும் சப்பாத்தும் இல்லாத இடத்தில் கதை சொல்லி என்ன பயன்?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. வெறுங்காலோடு ஓடி வென்றவரின் கதையைச் சொல்லி, சப்பாத்து வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்ள நாம் வழி செய்யக் கூடாது. துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ ஒரு பிள்ளை வலய மட்டப் போட்டிக்குப் போக வாகனச் செலவு இல்லாமல் நின்றுவிட்டால், அது அவளுடைய மனவுறுதியின் குறைபாடு அல்ல. கதை வாசித்த கையோடு, பாடசாலைக்குத் தேவையான பொருட்களின் பட்டியலைப் பிள்ளைகளைக் கொண்டே தயாரித்து, பழைய மாணவர் சங்கத்துக்கும் புலம்பெயர்ந்திருக்கும் ஊரவருக்கும் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அனித்தாவின் கதையை வாசித்தவர்களுக்கு அந்தக் கடிதத்தில் மெத்தை என்ற சொல்லை ஏன் எழுதுகிறோம் என்பது விளங்கும்.

விளையாட்டில் விருப்பமே இல்லாத பிள்ளையை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம், கதையைக் கேட்கட்டும். வாசிப்பு வட்டம் வீரர்களைப் பொறுக்கி எடுக்கும் இடமல்ல. சில பிள்ளைகளுக்கு ஓட்டத்தைவிட நிறுத்தற்கடிகாரத்தில் ஈடுபாடு இருக்கும். சிலருக்குப் புள்ளிகளைக் கூட்டுவதில், சிலருக்கு ஒலிவாங்கியில் அறிவிப்பதில். நூறில் ஒரு செக்கன் என்பது எத்தனை சென்ரிமீற்றர் என்று கணக்குப் போட முன்வரும் பிள்ளைக்கு, அடுத்த முதலாம் தவணையில் முடிவுக் கோட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுக்கும்படி விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.